பேலன்ஸ் செயினுக்கு வைத்த பொட்டு

எங்கள் காருக்குக் காலையில் கடகடக்கும் பழக்கம் வந்தது. சாவியைத் திருகியதும் என்ஜினின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம், தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல. சில நொடிகள்தான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாக ஓட ஆரம்பித்துவிடும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வாசலுக்கு வந்ததும் சிரித்துப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு மலையில் சாமையும் புளியும் வாங்கிக் கீழே மண்டிகளுக்குத் தள்ளிவிடும் தரகு வேலை. காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டு பேரும் காரில் ஏறுவோம், சாயங்காலம் இறங்குவோம். பையன் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். ஆகவே வீடு, கார் இரண்டிலும் நாங்கள் இரண்டு பேர்தான். கார் செகண்ட் ஹேண்ட். விற்றவர், "என்ஜின்ல இதுவரைக்கும் யாரும் கையே வெக்கல சார்" என்று மார்தட்டினார். நானும் அதை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டேன். யாராவது எப்போதாவது கை வைத்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

காலையில் மட்டும் வந்த சத்தம் மெல்ல மலை ஏறும்போதும் வர ஆரம்பித்தது. வந்ததா, வருவதாக எனக்குத் தோன்றியதா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்பதே என் முழு நேர வேலையாகிவிட்டது. கச்சிராயபாளையம் தாண்டியதும் பாட்டை நிறுத்துவேன். ஏசியை நிறுத்துவேன். மலைப் பாதையில் ஒரு பக்கம் கற்சுவர் வரும் இடங்களில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும் என்பதால் கண்ணாடியை இறக்கிக் காதைத் தீட்டிக்கொள்வேன். என் மனைவிக்குப் பேசுவதற்கு வாய்த்த நேரமும் அதுதான். வீட்டில் அடுப்பு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள். கார்தான் மிச்சம்.

"இன்னிக்கி எச்.எம். இன்னா சொன்னாரு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள்.

"உஷ். கேக்குதா?"

"இன்னா?"

"முன்னாடி பக்கம். கடகடன்னு."

"நீங்க உஷ்ஷுன்னதுதான் கேட்டுச்சி."

வளைவு முடியும். அவள் விட்ட இடத்திலிருந்து எடுப்பாள். அடுத்த சுவர் வரும். "உஷ்" என்பேன். இதில் அவளுக்கு வருத்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறோம் என்றே நினைத்திருந்தேன். அவளும் நாளாக ஆகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அக்கறையாகக் கேட்கிறாள் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மறுநாள் வண்டியைச் சேலம் ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். துபாயில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அந்தச் சில வருஷத்தை அவர் வாழ்நாள் முழுக்கச் செலவு செய்துகொண்டிருந்தார். நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். நானும் காதில் வைத்துக் கேட்டேன். ஒரு மில்லுக்குள் நிற்பது போல இருந்தது. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

"செயின் சார். துபாய்ல இதே என்ஜின எத்தினி பாத்திருப்பேன். ரெண்டு செயின் இருக்குது. ஒண்ணு டைமிங் செயின். அது ஜாஸ்தி தேஞ்சி பல்லு தாண்டிச்சின்னா வால்வு போயி பிஸ்டன்ல இடிக்கும். என்ஜின் காலி. கொண்டை ஊசி வளைவுல நின்னுடுவீங்க."

"இன்னொண்ணு?"

"பேலன்ஸ் செயின். அது இல்லன்னாலும் வண்டி ஓடும் சார்."

"அப்புறம் எதுக்கு வெச்சிருக்கான்?"

"ஆடாம ஓடறதுக்கு."

அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இந்த மாதிரி என்ஜின் பிறவியிலேயே ஆட்டம் போடும் சாதியாம். அந்த ஆட்டம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க, அடியில் இரண்டு தண்டுகளை எதிரும் புதிருமாகச் சுற்ற விட்டிருக்கிறார்கள். வண்டியை நகர்த்துவதில் அவற்றுக்கு எந்தப் பங்கும் இல்லை. வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. எங்கள் சொந்தக்காரர்களில் பல குடும்பங்களில் அப்படி இரண்டு பேர் உண்டு.

"ரெண்டையும் மாத்திடலாம் சார். தொறந்தது தொறந்தாச்சி" என்றார், இன்னும் திறக்காமலேயே.

திறந்தபோது அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இரண்டு செயினும் தளர்ந்து தொங்கின. அவை உரசி உரசித் தாங்கு பட்டைகளின் பிளாஸ்டிக் துண்டு துண்டாக உதிர்ந்து ஆயில் தொட்டியில் கிடந்தது. புதுச் செயின்கள் சென்னையிலிருந்து வர வேண்டும். வரும் என்றார்கள். இன்றைக்கு வரும் என்றார்கள். ஏற்றிவிட்டோம் என்றார்கள். என் மனைவி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடியற்காலை பஸ். கூட்டம். வளைவுக்கு வளைவு பாதிப் பேர் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுக்கும் பஸ். முதல் நாள் சாயங்காலம் அவள் இறங்கி வரும்போது பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். எல்லோருக்கும் பின்னால் இறங்கினாள். கையில் ஒரு பை நிறைய அவரைக்காய்.

"ரொம்பக் கஷ்டமா இருந்துதா?"

"இல்லியே. உக்கார எடம் குடுத்தாங்க."

"அவரை ஏது?"

"பக்கத்துல உக்காந்துக்கினு வந்த அம்மா குடுத்தாங்க."

என்னைக் கலங்கவிடக் கூடாது என்று மறைக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் தலையில் யாரோ தொடுத்துக் கொடுத்த கனகாம்பரம். அதற்கடுத்த நாள், நான் கேள்விப்பட்டிராத யாரோ ஒருத்தியின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி. இதையெல்லாம் அவள் பஸ் பயணத்தின் கொடுமையை மறக்கச் செய்கிற முயற்சி என்று வைத்துக்கொண்டேன்.

காலாண்டு லீவு விடுவதற்கு முந்தின நாள் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"லீவு முடிஞ்சி ஸ்கூல் தொறக்கறப்பவும் வண்டி வரலன்னா, நான் மேலயே ஒரு ரூம் பாத்துக்கறேங்க. கூட இருக்கற டீச்சர் கேட்டுக்கினே இருக்காங்க. சனி ஞாயிறு வந்துடறேன்."

"வண்டி வந்துடும்" என்றேன்.

"வந்தா சரி."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது சாதாரணமாகக் கேட்கவில்லை. பையன் போன பிறகே வீட்டில் பாதி அறைகளில் விளக்குப் போடுவதில்லை. இவளும் வாரம் முழுக்க மலையில் தங்கிவிட்டால் நான் யாரிடம் சண்டை போடுவது? சாம்பாரில் உப்பு கம்மி என்று சுவரிடமா சொல்ல முடியும்? எனக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக மெக்கானிக்கிடம் போய், "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடணும்ணே" என்று கெஞ்சினேன்.

லீவின் நடுவில் செயின்கள் வந்தன. ஆயுத பூஜையும் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். செயினைக் கழற்றும் முன்பு எந்தச் சக்கரம் எந்த நிலையில் நின்றது என்று அடையாளம் வைக்க வேண்டும். அதே நிலையில்தான் புதுச் செயினைப் பூட்ட வேண்டும். கம்பெனிக்காரன் ஒவ்வொரு பல் சக்கரத்திலும் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருப்பான். சக்கரங்கள் நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு கருவியும் உண்டு. "அதெல்லாம் துபாய்ல சார். நமக்குக் கண்ணு போதும்" என்று சொல்லி, மெக்கானிக் ஒரு ஒயிட்னர் பேனாவால் சக்கரங்களிலும் பக்கத்து இரும்பிலும் வெள்ளைப் புள்ளிகள் வைத்திருந்தார். மேலே இரண்டு சக்கரங்கள் டைமிங்குக்கு. கீழே இரண்டு பேலன்ஸுக்கு.

ஆயுத பூஜைக்கு வொர்க்ஷாப் முழுவதையும் சுத்தம் செய்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் மெக்கானிக்கின் மனைவி. வருஷம் முழுக்க அந்தப் பக்கமே வராதவர், பூஜைக்கு மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து இறங்குவாராம். ஸ்பேனர், ஜாக்கி, வெல்டிங் மெஷின், கம்ப்ரசர் என்று ஒன்று விடாமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்த என் காரின் என்ஜினையும் விடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அது பளபளவென்று, சக்கரத்துக்குச் சக்கரம் பொட்டு வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருந்தது. எனக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது. போட்டுக்கொண்டேன்.

பொரியும் சுண்டலும் படைத்தார்கள். எல்லா வண்டிக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். என் கார் ஓடாது. ஆனால் டயருக்கு அடியில் பழம் வைத்தாகிவிட்டது. வைத்த பழத்தை எடுக்கக் கூடாது என்றார் அந்த அம்மா. ஆகவே மெக்கானிக், அவர் தம்பி, நான், டீ கொடுக்க வந்தவர் என்று எல்லோரும் சேர்ந்து தம் பிடித்துத் தள்ளினோம். இரண்டு பழம் நசுங்கியது. மற்ற இரண்டும் உருண்டு ஓடிவிட்டன. பூசணிக்காயை மட்டும் குறை இல்லாமல் உடைத்தார்கள்.

"நாளைக்கிப் பூட்டிடலாமா?" என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? பூஜையில வெச்ச சாமானை எப்படித் தொடறது? மறுபூஜை ஆவட்டும்."

துபாயில் ஒரு பண்டிகைக்கும் லீவு கிடைக்காமல் வேலை செய்ததாக அதே வாயால்தான் முன்பு சொல்லியிருந்தார். நான் சுண்டலைத் தின்றேன்.

மறுபூஜை முடிந்து செயின் பூட்ட ஆரம்பித்தார்கள். என்ஜின் முன்னால் குனிந்த மெக்கானிக் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. ஒயிட்னர் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போயிருந்தது. இருந்தது பொட்டுகள்தான்.

"ஒண்ணும் பயம் இல்ல சார். மார்க் இருந்த எடத்துலதான் பொட்டு வெச்சிருப்பா" என்றார்.

டைமிங் செயினுக்கு மட்டும் அவருக்கே பயம் வந்து, டார்ச் அடித்துக் கம்பெனிக்காரன் வைத்த புள்ளியைத் தேடினார். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பூதக் கண்ணாடி போலப் பிடித்துப் பார்த்தார். புள்ளியும் பொட்டும் ஒரே இடத்தில் இருந்தன. "சொன்னேன் இல்ல?" என்று என்னைப் பார்த்தார். அந்தத் தைரியத்தில் கீழே பேலன்ஸ் சக்கரங்களில் புள்ளியைத் தேடிப் பார்க்காமல், அவை நின்ற நிலையிலேயே பொட்டுக்குப் பொட்டு நேர் வைத்துச் செயினை மாட்டி மூடினார்.

ஸ்டார்ட் செய்தார்கள். கடகடப்பு இல்லை. வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அதற்காகக் காத்திருந்தேன். பிறகு வண்டி ஆட ஆரம்பித்தது. என்ஜின் மேல் வைத்திருந்த ஸ்பேனர் தானாக நடந்துபோய்க் கீழே விழுந்தது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் தலையை ஆட்டி ஆட்டி எதையோ மறுத்தார். கண்ணாடியில் பின்னால் நின்ற ஒரு லாரி மூன்று லாரியாகத் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குப் பல் தந்தியடித்தது.

மெக்கானிக் என்ஜினைத் தாங்கும் ரப்பரைத் திட்டினார். பிளக்கைத் திட்டினார். பெட்ரோல் பங்கைத் திட்டினார். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கியர் போடும் லட்சணத்தையும், என்னைப் பார்க்காமல், திட்டினார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். ஆடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "உள்ள வெச்ச பொட்டெல்லாம் அழிச்சிடலியே?" என்று கேட்டார்.

"அழிக்கல. இருக்குது."

"நீ பாட்டுக்கு அழிச்சிடப் போற. கீழ ரெண்டு சக்கரத்துல பொட்டு வெக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சி."

"ஏன்?"

"வெள்ளையா இருந்தத தொடச்சிப் பளிச்சினு ஆன எடம் தலகீழா இருந்துச்சி. சாமிக்கு வெக்கற பொட்டு தலகீழா இருந்தா நல்லாவா இருக்கும்? அதான் லேசா திருப்பி நேரா வெச்சேன். மேல ரெண்டையும் திருப்பிப் பாத்தேன், நவுரல."

மெக்கானிக் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். மேலே இரண்டும் நகராதது எங்கள் இரண்டு குடும்பங்களும் எப்போதோ செய்த புண்ணியம். நகர்ந்திருந்தால், அவரும் புள்ளியைத் தேடாமல் விட்டிருந்தால், சாவியைத் திருகியதும் வால்வுகள் பிஸ்டனில் இடித்து என்ஜின் பொட்டோடு போயிருக்கும். அவர் மனைவியைக் கோபிக்க வாயைத் திறந்தார். "இன்னா?" என்றார் அந்த அம்மா. திறந்த வாய்க்குள் சாப்பாடு போயிற்று.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, கம்பெனிப் புள்ளிகளைத் தேடிப் பிடித்து, செயினை மாட்டி, பேஸ்ட் போட்டு மூடி, அது காய விட்டு, ஸ்கூல் திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டி கைக்கு வந்தது. ஸ்டார்ட் செய்தேன். ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை சாவியைத் திருகப் போனேன். பிள்ளையார் அசையவில்லை. வழியில் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். இனி அவள் ரூம் பார்க்க வேண்டியதில்லை என்ற நினைப்பில் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினேன்.

மறுநாள் காலை அவளை முன் சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினேன். கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல்களில் நாலைந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா டீச்சர், இன்னிக்கி கார்லயா?" என்று ஒருத்தி கத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் கேட்கிற குரல்.

"வண்டி ரெடியாய்டுச்சி" என்று இவளும் கத்தினாள். கையை ஆட்டிக்கொண்டே, பஸ் மறையும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோமுகி அணை போயிற்று. மலை ஆரம்பித்தது. கற்சுவர் வந்தது. என்ஜினிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. என் கை பழக்கத்தில் பாட்டை நிறுத்தப் போயிற்று. பாட்டே போடவில்லை. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

"மேல ரூமு வேணாம் இல்ல இப்ப?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அந்த டீச்சர்கிட்ட அப்பவே வேணாம்னு சொல்ட்டேன். பஸ்ஸே நல்லாதான் இருக்குது. மழை நாள்ல உங்க கூட வந்துக்கறேன்."

"மத்த நாள்ல?"

"பஸ்ல எனக்கு எடம் போட்டு வெப்பாங்க."

இதை ஜீரணிக்க எனக்கு இரண்டு வளைவு பிடித்தது. வீடு காலியாகாது என்று நிம்மதி வந்தது. வந்த நிம்மதி ஏனோ உட்காரவில்லை. எப்படியும் இன்றைக்கு அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள், வெள்ளிமலை வர இன்னும் நேரம் இருக்கிறது, என்ஜினும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

"பாரு, எந்தச் சத்தமும் இல்ல. இப்ப சொல்லு" என்றேன்.

"இன்னாத்த?"

"எதையாவது. ஸ்கூல்ல இன்னா நடக்குது, எச்.எம். இன்னா சொல்றாரு. எல்லாத்தையும் சொல்லு. கேக்கறேன்."

அவள் நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள்.

"புதுசா ஒண்ணும் இல்லீங்க. இருந்ததெல்லாம் பஸ்ல சொல்லி முடிச்சிட்டேன்."

அடுத்த வளைவு வந்தது. எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. இருந்தாலும் ஹாரன் அடித்தேன்.